துண்டுக்கடியில் ஐந்து விரல்

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் மற்ற ஊர்களில் கொடிக்கம்பத்துக்கு வண்ணம் அடிப்பார்கள், விளம்பரத்துக்குச் சுவர் பிடித்து வைப்பார்கள். ஜவ்வாது மலை அடிவாரத்தில் அதோடு இன்னொரு வேலையும் சேரும். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகள் அதைத் துடைத்து எண்ணெய் போட்டு, கோணியில் சுற்றிக்கொண்டு போய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இந்தச் சட்டம் மனிதர்களுக்குத்தான். காட்டுப்பன்றிகளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஊரில் ஒரு துப்பாக்கியும் இல்லாத அந்த நாட்களில்தான் அவை குடும்பம் குட்டியோடு மலையை விட்டு இறங்கி வந்து வேர்க்கடலைக் கொல்லையில் விருந்து சாப்பிடும்.

படவேட்டுக் குமரேசன் இதுவரை எத்தனையோ தேர்தலுக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்ப வாங்கியவர். இந்த முறை கொடுத்தால் திரும்ப வராது. அது தெரிந்துதான் அவர் கோணியைத் தொடவில்லை. பீரோவைத் திறந்து, போன ஐப்பசியில் இறந்துபோன மனைவி சம்பூர்ணத்தின் மாம்பழ நிறப் புடவையை எடுத்து, துப்பாக்கியை அதில் சுற்றினார்.

விஷயம் இதுதான். அந்தத் துப்பாக்கிக்கு இருப்பது பயிரைக் காப்பதற்கென்று கொடுத்த லைசென்ஸ். பயிர் வைக்கிறவர் கையில்தான் அது இருக்கலாம். கண் ஆபரேஷன் ஆன பிறகு குமரேசன் நிலத்தைப் பக்கத்துக் கொல்லைக்காரி நதியாவிடம் குத்தகைக்கு விட்டுவிட்டார். மகன் அருண்ராஜுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. பன்றியைப் படத்தில் பார்த்தால் போதும் என்பவன். ஆக, நிலம் நதியாவிடம், நிலத்துக்கு வரும் பன்றியும் நதியாவிடம். அவள் பெயருக்குப் புது லைசென்ஸ் வந்தாயிற்று, துப்பாக்கியை அவளுக்கு விற்றுக்கொள்ள அனுமதியும் வந்தாயிற்று. ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போதே அவள் பெயரில் எழுதிவிட்டால் கதை முடிந்தது. பாக்கி இருந்தது விலை மட்டும்தான். அதைப் பற்றி அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் குமரேசன், "அங்க போய் பேசிக்கலாம்மா" என்று நழுவிக்கொண்டிருந்தார்.

நழுவியதற்குக் காரணம் உண்டு. விலை படியாவிட்டால் விற்க வேண்டியதில்லை அல்லவா? படியவே படியாத ஒரு விலையைச் சொல்லிவிடுவது என்று அவர் முடிவு செய்து வைத்திருந்தார். அப்புறம் லைசென்ஸ் என்ன ஆகும், துப்பாக்கி எந்தக் கிடங்கில் துருப்பிடிக்கும் என்றெல்லாம் யோசிக்கவில்லை. பிடிவாதம் பிடிக்கிறவர்கள் அவ்வளவு தூரம் யோசிப்பதில்லை.

"மாமா, கெளம்பலாமா? வெயில் ஏறிச்சின்னா அங்க நிக்க முடியாது" என்று ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு நதியா கூப்பிட்டாள். முப்பதைத் தாண்டியவள். புருஷன் லாரியோடு வடக்கே சுற்ற, இங்கே கடலை, வாழை, மாடு, பள்ளிக்கூடம் போகிற பெண் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாய் இழுக்கிறவள். புடவைச் சுற்றலைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அத்த பொடவையா?"

"கோணி கெடைக்கல."

மாட்டுக்கொட்டகைச் சுவரில் வரிசையாகக் கோணிகள் தொங்கிக்கொண்டிருந்தன. நதியா அவற்றைப் பார்த்தாள். வண்டியைக் கிளப்பினாள்.

குமரேசன் பின்னால் உட்கார்ந்து, துப்பாக்கியை மார்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டார். கோயில் வளைவுக்குப் பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த முத்தம்மா அவரைச் சின்ன வயசிலிருந்து பார்ப்பவள். "இன்னாங்க, கொழந்தையத் தூக்கினு எங்க போறீங்க?" என்று கத்தினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நதியாவுக்குத் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்ததும் அவருக்கு இன்னும் கோபம் வந்தது.

கண்ணமங்கலம் ஸ்டேஷனுக்கு எதிரே பழைய புளியமரம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. நிழலை இரண்டு காரும் ஒரு கரும்புச்சாறு வண்டியும் பங்குபோட்டிருந்தன. துப்பாக்கியோடு வந்தவர்கள் ஒரு பெஞ்சு கொள்கிற அளவுக்குத்தான் இருந்தார்கள். அதில் ஒருவர் ராஜவேலு, குமரேசனின் பழைய சிநேகிதர். வாய் ஓயாத மனிதர்.

"யோவ் அஞ்சு வெரலு! வா, வா. நீயும் கடைசியில விக்க வந்துட்டியாமே?" என்றார்.

குமரேசனுக்கு அந்தப் பட்டப்பெயர் பழகிப்போனதுதான். இன்றைக்கு மட்டும் அது சுருக்கென்றது.

அப்போதெல்லாம் துப்பாக்கி ஒப்படைக்கும் நாள் என்றால் இந்த மரத்தடியில் கால் வைக்க இடம் இருக்காது. மலைமேல் ஊர்க்காரர்கள் கேழ்வரகுக் களியைத் துணியில் கட்டிக்கொண்டு விடியும்போதே இறங்கி வந்துவிடுவார்கள். ஸ்டேஷன் ரைட்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நம்பரை எழுதி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? கோணியை அவிழ்த்துத் துப்பாக்கிகளைப் புளியமரத்து வேரில் சாய்த்து வைப்பார்கள். ஒருத்தர் துப்பாக்கியை இன்னொருத்தர் தூக்கிப் பார்ப்பார், கட்டையைத் தட்டிப் பார்ப்பார், குழலை வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்ப்பார், குதிரை விசையை மெதுவாக இழுத்துக் காதைக் கொடுத்துக் கேட்பார். ஒருத்தன் தான் அடித்த பன்றியின் கதையைச் சொன்னால், அடுத்தவன் அதே பன்றியை அதற்கு முந்தின வாரமே தான் அடித்துவிட்டதாகச் சொல்வான். புகையிலை வாசனையும் துப்பாக்கி எண்ணெய் வாசனையும் கலந்து வீசும். கல்யாண வீட்டில்கூடக் குமரேசன் அவ்வளவு சந்தோஷமான ஆம்பிளைகளைப் பார்த்ததில்லை.

விற்பதும் வாங்குவதும் அங்கேதான். அனுமதி, கையெழுத்து எல்லாம் அப்புறம் தாலுகா ஆபீசில் நடக்கும். விலை படிவது மட்டும் மரத்தடியில், மாட்டுச் சந்தையில் பேசுகிற மாதிரியே. இரண்டு பேர் வலது கையை நீட்டுவார்கள். மேலே ஒரு துண்டு விழும். துண்டுக்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பார்கள். ஒரு விரலைப் பிடித்தால் நூறு, இரண்டைப் பிடித்தால் இருநூறு. வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், பேரம் விரலில் நடக்கும், சுற்றி நிற்கிறவனுக்கு விலை தெரியாது. மாட்டை விற்றவர் கயிற்றைக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போவது போல, துப்பாக்கியை விற்றவர் அதன் தோள்வாரை மட்டும் கழற்றி வைத்துக்கொள்வார்.

குமரேசன் இளவட்டமாக இருந்தபோது வந்த ஒரு தேர்தலில்தான் அது நடந்தது. புது லைசென்ஸ் கையில் இருந்தது, துப்பாக்கி இல்லை. கண்ணாயிரம் என்பவர் கொண்டுவந்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி மேல் பார்த்த உடனே ஆசை விழுந்துவிட்டது. கட்டையில் பித்தளைப் பூ பதித்த துப்பாக்கி. கண்ணாயிரத்துக்கு வலது கையில் மூன்று விரல் கிடையாது. அண்ணன் துப்பாக்கியை வாங்கிச் சுட்டபோது குழல் வெடித்துப் போனவை. அதற்கப்புறம் தன் துப்பாக்கியையும் தொடப் பிடிக்காமல் விற்க வந்திருந்தார். விரல் இல்லாத கையால் விலை பேச முடியாது. இடது கையை நீட்டினால் எதிராளிக்கு அவமரியாதை. மாட்டுச் சந்தையிலும் அவருக்கு இதே தொல்லைதான். அதனால் அவருக்காகத் துண்டுக்கடியில் கை நீட்டுவது அவர் மகள் வேலை. சின்னப் பெண்ணாக இருந்த நாளிலிருந்து பழகியதால் யாருக்கும் அது விகற்பமாகப் படவில்லை. அந்தப் பெண் வளர்ந்து பெரியவளாகிவிட்டதை அவள் அப்பாவும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

சோற்றுத்தூக்கைக் கீழே வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"சம்பூர்ணம், கைய குடும்மா. நான் சொன்னது ஞாபகம் கீது இல்ல?"

"கீது நைனா."

பச்சை வளையல் போட்ட கை துண்டுக்கடியில் வந்து குமரேசன் கையைத் தொட்டது. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அவள் எத்தனை விரலைப் பிடித்தாள், எவ்வளவு நேரம் பிடித்தாள், எதுவும் மனசில் பதியவில்லை. காது அடைத்துப் போயிற்று. பதிலுக்கு அவர் செய்தது, அந்தக் கையை முழுசாகப் பற்றிக்கொண்டதுதான். பற்றியவர் விடவும் இல்லை. துண்டு நழுவி மண்ணில் விழுந்தது. மரத்தடி மொத்தமும் பார்த்தது.

"டேய், வெரலப் புடிடான்னா கையப் புடிச்சிட்டான்டா!" என்று கூவியது இதே ராஜவேலுதான்.

சிரிப்பு ஸ்டேஷன் உள்ளே வரைக்கும் கேட்டு, ரைட்டர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். கண்ணாயிரம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மகளிடம் நாலு சொல்லச் சொல்லியிருந்தார். இந்தப் பையன் ஐந்து விரலையும் பிடித்து ஐந்நூறு தருகிறேன் என்கிறான். துப்பாக்கி லாபத்துக்குப் போயிற்று. ஆனால் அத்தனை பேர் எதிரில் ஒருத்தன் கையைப் பிடித்துவிட்ட பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆவணியில் கல்யாணம் முடிந்தது. கண்ணாயிரம் கழற்றி வைத்துக்கொண்ட தோள்வார், சம்பூர்ணத்தின் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே மடங்கி, துப்பாக்கி இருந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

ஊருக்கு அது சிரிப்புக் கதை. குமரேசனுக்கு அப்படியில்லை. ஊர் வாயை மூடத்தானே கண்ணாயிரம் பெண்ணைக் கொடுத்தார், அவளை யார் கேட்டார்கள்? கையை விடாமல் பிடித்தவன் நான், ஆயுசு முழுக்க அதற்கு ஈடு கொடுத்தவள் அவள் என்று ஒரு முள் அவருக்குள் இருந்துகொண்டே இருந்தது. அவள் நன்றாகத்தான் குடும்பம் நடத்தினாள். சண்டை போட்டாள், சிரித்தாள், பன்றிக்காவலுக்கு அவரோடு பரணில் வந்து உட்கார்ந்தாள். ஆனாலும் பிடித்து வந்தாளா, விதியே என்று வந்தாளா? நேராகக் கேட்கத் தைரியம் இல்லாமல் சுற்றி வளைத்துக் கேட்பார்.

"அன்னிக்கி நீ எத்தினி வெரல் புடிச்ச?"

"அதுகூடத் தெரியாமதான் துப்பாக்கி வாங்கனீங்களா?" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஒவ்வொரு தேர்தலுக்கும் கேட்டார். மழை நாளில் கேட்டார். மகன் பிறந்த அன்று கேட்டார். ஒரே பதில், ஒரே சிரிப்பு.

இப்போது கேட்பதற்கும் ஆள் இல்லை. அந்த நாளுக்கு மிச்சமிருந்தது இந்தத் துப்பாக்கி ஒன்றுதான். இதுவும் போய்விட்டால் அப்படி ஒரு நாள் நடந்ததற்கே அடையாளம் இருக்காது என்று அவருக்குப் பட்டது. அதனால்தான் விற்க மனம் வரவில்லை. இதை மகனிடம் சொன்னால் புரியாது, ராஜவேலுவிடம் சொன்னால் சிரிப்பார்.

"அடுத்தது யாரு, படவேடா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இப்போதைய ரைட்டர் ஒரு சின்ன வயசுப் பெண். "பேரு மாத்தறதுன்னா இப்பவே சொல்லிடுங்க சார். எழுதிட்டா அப்பறம் அடிக்க முடியாது."

நதியா அவர் பக்கம் திரும்பினாள். "மாமா, வெல சொல்லுங்க."

"வாயால சொல்ற வழக்கம் இந்த மரத்தடில கெடையாது. துண்டு போட்டுதான் பேசணும். உனக்கு அது தெரியாது. என் பேர்லயே குடுத்துடலாம், அப்பால பாத்துக்கலாம் விடு" என்று குமரேசன் எழுந்தார். தப்பித்துவிட்டதாக நினைத்தார்.

நதியா அவர் தோளிலிருந்த துண்டை உருவினாள். உதறி, தன் வலது கையின் மேல் போட்டுக்கொண்டாள்.

"கைய நீட்டுங்க."

ராஜவேலு பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார். "ஏம்மா, பொம்பளப் புள்ள, ஆம்பள கூட துண்டு போடறதா?"

"லைசென்சு குடுத்தவங்க பொம்பளயான்னு கேக்கலீங்களே" என்றாள் நதியா. "பன்னியும் கேக்கல."

வேறு வழியில்லாமல் குமரேசன் கையை நீட்டினார். போகட்டும், திட்டம் கையில் இருக்கிறது. இப்போது ஒரு விரலுக்கு ஆயிரம் என்று கணக்கு. அவளுடைய ஐந்து விரலையும் இரண்டு முறை அழுத்திப் பிடித்தால் பத்து. அந்த விலைக்கு வேலூரில் கடையிலேயே வேறு துப்பாக்கி பார்த்துக்கொள்ளலாம், அவள் வாங்க மாட்டாள்.

அவர் விரலை மடக்குவதற்குள் அவள் முந்திக்கொண்டாள். ஒரு விரலை அல்ல, இரண்டை அல்ல. ஐந்தையும் சேர்த்து, கையை முழுசாக, இறுக்கிப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை.

குமரேசனுக்குக் காது அடைத்தது. அது அவர் மறந்துபோயிருந்த பிடி. மறக்கவில்லை, அன்றைக்குக் கவனிக்காமல் விட்டது.

"இன்னாம்மா இது? அஞ்சா சொல்ற?"

"இது என் வெல இல்ல மாமா" என்று நதியா ராஜவேலுவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள். "அத்த சொல்லிக்குடுத்தது. ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப. 'எனக்கப்பறம் அந்தத் துப்பாக்கிய நீ வாங்கிக்கடி. மனுசன் லேசுல குடுக்க மாட்டாரு, அநியாய வெல சொல்லுவாரு. துண்டப் போட்டு அஞ்சு வெரலயும் சேத்துப் புடிச்சிக்க. அதுக்கு மேல அவரால பேச முடியாது. அன்னிக்கி நானும் அப்படித்தான் புடிச்சேன்'னாங்க."

"யாரு, அவளா?"

"அவங்க நைனா நாலு வெரல் புடின்னு சொல்லி அனுப்பினாராம். 'நான் வெரலே புடிக்கலடி, கையத்தான் புடிச்சேன்'னாங்க. நீங்க அப்பறம்தான் புடிச்சீங்களாம். 'அந்த ஆளு இத்தினி வருசமா தான்தான் மொதல்ல புடிச்சதா நெனச்சினு கீறாரு'ன்னு சொல்லி சிரிச்சாங்க. சிரிச்சி சிரிச்சி இருமல் வந்து, நர்ஸம்மா என்னைத் திட்டிட்டாங்க."

குமரேசன் குனிந்து துண்டையே பார்த்தார். "எத்தினி தடவ கேட்டேன். ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார்.

"சொல்லிட்டா அப்பறம் கேக்க மாட்டீங்களாம். நீங்க கேக்கறது அவங்களுக்குப் புடிச்சிருந்துதாம் மாமா."

புளியமரத்தடியில், ஜூஸ் வண்டி, போலீஸ் ஸ்டேஷன், ராஜவேலு எல்லாவற்றுக்கும் எதிரில் குமரேசன் அழுதார். மனைவி செத்த அன்றுகூட அவர் இப்படி அழவில்லை. அன்றைக்கு இருந்தது துக்கம் மட்டும். இதில் சந்தோஷமும் கலந்திருந்தது, அதனால் அடக்கத் தெரியவில்லை. நதியா கையை விடாமல் நின்றாள்.

"இன்னாய்யா, வெல அவ்ளோ மோசமா?" என்று ராஜவேலு பதறினார்.

குமரேசன் இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துண்டுக்கடியில் தன் கையை விடுவித்து, நதியாவின் நாலு விரலை மட்டும் பிடித்தார்.

"நாலு போதும்மா. மிச்சம் ஒண்ண உங்க அத்த அப்பவே எங்கிட்ட அதிகமா வாங்கிட்டா."

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அவர் புடவையை அவிழ்த்தார். பித்தளைப் பூவைக் கட்டைவிரலால் ஒரு தரம் தேய்த்தார். தோள்வாரைக் கழற்றிக்கொண்டு, துப்பாக்கியை இரண்டு கையாலும் நதியாவிடம் கொடுத்தார். அவளும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ரைட்டர் பெண் பெயர் கேட்பதும், நதியா சத்தமாகச் சொல்வதும் வெளியே கேட்டன. ராஜவேலு வழக்கமில்லாத வழக்கமாக ஒன்றும் பேசாமல் இரண்டு தம்ளர் கரும்புச்சாறு வாங்கி வந்து ஒன்றை அவர் கையில் கொடுத்தார்.

திரும்பும்போது குமரேசன் மடியில் மடித்த புடவையும் அதன் மேல் தோள்வாரும் இருந்தன. மலை உச்சியில் மேகம் இறங்கியிருந்தது. கோயில் வளைவுக்குப் பக்கத்தில் முத்தம்மா பூக்கூடையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"இன்னாங்க, கொழந்த எங்க?"

"கட்டிக்குடுத்துட்டு வர்றேன்" என்றார் குமரேசன்.

நதியா இந்த முறை சிரிப்பை அடக்கவில்லை. அவரும் சிரித்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் வலது கையின் மேல் போட்டுக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை அவர் அதை எடுக்கவில்லை.